குறிப்புக்கு ஒரு வீட்டு எண்

அண்ணன் மகள் வந்ததும் வராததுமாகத் தோள்பையிலிருந்து நான்கு நோட்டுகளை எடுத்து ஊஞ்சல் பலகையில் போட்டாள். படித்த புத்தகங்களைப் பற்றி ஆறு வருடமாக எழுதிவரும் குறிப்புகள். நீல மை, கறுப்பு மை, நடுநடுவே பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டியது என்று எல்லாம் இருந்தன.

“அத்தை, மோகமுள் படிச்சப்ப ரங்கண்ணாவைப் பத்தி அரைப் பக்கம் எழுதினேன். நேத்து ராத்திரி பூரா தேடிட்டேன், கிடைக்கல. நீங்க அத்தனை வருஷம் காலேஜ் லைப்ரரியில இருந்தீங்களே, ஒரு வழி சொல்லுங்க.”

“மொதல்ல டீயைக் குடி, ஆறிடப் போவுது” என்றேன். இந்த மாதிரிக் கேள்விக்கு ஒரு டம்ளர் டீ போதாது என்று தெரியும். அடுப்பில் இன்னொரு தடவைக்குப் பால் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அவள் நோட்டில் இருப்பது படித்த தேதி வரிசை. நூலகத்திலும் அப்படி ஒரு வரிசை உண்டு. சேர்க்கைப் பதிவேடு என்போம். எந்தப் புத்தகம் எந்தத் தேதியில் வந்தது, என்ன விலை, யாரிடம் வாங்கியது என்று வந்த வரிசையிலேயே எண் போட்டு எழுதுவோம். தணிக்கைக்கு வருகிறவர் அதைத்தான் கேட்பார். வாசகர் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. “1998 ஜூலையில் வாங்கிய மூன்றாவது புத்தகம் கொடுங்கள்” என்று யார் வந்து நிற்பார்கள்?

“அப்ப எழுத்தாளர் பேரை வச்சு அகரவரிசையில அடுக்கிட்டா?”

ஆள் பெயர் தெரிந்தால் அது உதவும். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு நமக்கு ஞாபகம் வருவது ஆள் இல்லை, விஷயம். ‘மீன் குழம்பைப் பற்றி எங்கேயோ எழுதினேனே’ என்றுதான் மனசு தேடும். அந்தத் தேடலுக்கு அகரவரிசை கதவைத் திறக்காது.

இங்கேதான் டூயி வருகிறார். மெல்வில் டூயி, அமெரிக்காவில் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்த இளைஞர். 1876இல் 44 பக்கத்தில் ஒரு சிறு நூல் போட்டார். முதல் பதிப்பில் பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. அதற்கு முன்பு பெரும்பாலான நூலகங்களில் புத்தகத்துக்குக் கொடுத்த எண், அது இருக்கும் இடத்தின் எண். ஐந்தாவது அலமாரி, மூன்றாவது தட்டு, பன்னிரண்டாவது புத்தகம். தட்டு நிறைந்து விட்டால் புதிதாக வந்த புத்தகம் தன் சொந்தக்காரர்களை விட்டுவிட்டு வேறு அலமாரிக்குப் போய்விடும். டூயி எண்ணை மரப்பலகையிலிருந்து பிய்த்து விஷயத்தின் மேல் ஒட்டினார். பலகை மாறலாம், கட்டடமே மாறலாம், எண் மாறாது. புதிய புத்தகம் வந்தால் பழையவை நகர்ந்து இடம் கொடுக்கும்.

“உன் நோட்டு இருக்கே, அது டூயிக்கு முந்தின அலமாரி. பக்கம் தைச்சுக் கிடக்குது, எதுவும் நகர முடியாது. அதனால மொத வேலை, நோட்டைப் பிரி. ஒரு விஷயத்துக்கு ஒரு அட்டை.”

அட்டை என்றதும் முகம் சுளித்தாள். அட்டைக்கும் பெரிய வரலாறு உண்டு. பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் பால் ஓட்லே, ஆன்றி லா ஃபோன்டெய்ன் என்ற இரண்டு பேர் 1895இல் உலகத்து நூல்களுக்கெல்லாம் ஒரே பட்டியல் செய்யக் கிளம்பினார்கள். ஒரு கோடிக்கும் மேல் அட்டைகள் சேர்த்தார்கள். டூயியின் எண்களை வாங்கி விரித்து, உலகப் பொதுத் தசமப் பகுப்பு என்ற இன்னொரு முறையையும் உண்டாக்கினார்கள். ஓட்லேக்கு நூலின் பெயர் மட்டும் போதவில்லை. நூலுக்குள் இருக்கும் ஒவ்வொரு தகவலையும் பிரித்தெடுத்துத் தனித்தனி அட்டையில் எழுத வேண்டும் என்றார். நாம் இப்போது செய்யப்போவதும் ஏறக்குறைய அதுதான்.

“எனக்குக் கம்ப்யூட்டர்தான் வசதி” என்றாள். அதுவும் சரி. கோப்பின் பெயரை எண்ணில் தொடங்கினால் போதும், அடுக்கும் வேலையைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும்.

டூயி உலக அறிவைப் பத்துத் தெருவாகப் பிரித்தார். 000 பொது, 100 மெய்யியல், 200 சமயம், 300 சமூகம், 400 மொழி, 500 அறிவியல், 600 தொழில்நுட்பம், 700 கலை, 800 இலக்கியம், 900 வரலாறும் புவியியலும். ஒவ்வொரு தெருவிலும் பத்துச் சந்து. சந்துக்குள் பத்து வீடு. வீட்டுக்குள் போனால் ஒரு புள்ளி வைத்து எத்தனை அறை வேண்டுமானாலும் கட்டிக்கொண்டே போகலாம்.

எங்கள் மயிலாடுதுறைப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த நெல்லையே எடுத்துக் காட்டினேன். 600 தொழில்நுட்பம். அதற்குள் 630 வேளாண்மை. அதற்குள் 633 வயல் பயிர்கள். 633.1 தானியங்கள். 633.18 நெல். ஒவ்வோர் இலக்கமும் கேமராவை ஒரு படி கிட்டே கொண்டு போகிறது. எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் அது யார் வீட்டுப் பிள்ளை என்று வம்சம் சொல்லிவிடலாம்.

அவள் சுறுசுறுப்பாகி விட்டாள். பேனாவை எடுத்துக்கொண்டு முதல் நோட்டைப் பிரித்தாள். பத்து நிமிடத்தில் முகம் தொங்கிவிட்டது.

“அத்தை, நான் படிக்கிறது முக்காவாசி நாவல். தமிழ் நாவல் எல்லாத்துக்கும் ஒரே நம்பர்தானே? எல்லாம் ஒரே குப்பையால்ல விழுது?”

சரியான இடத்தில் முட்டிக்கொண்டாள். டூயி முறையில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811. அதோடு 1 சேர்த்தால் கவிதை, 2 சேர்த்தால் நாடகம், 3 சேர்த்தால் புனைகதை. அவளுடைய மோகமுள்ளும், கோபல்ல கிராமமும், தண்ணீரும் எல்லாமே 894.8113. நூறு குறிப்பு இருந்தால் எண்பது அந்த ஒரே எண்ணில் போய்க் குவியும்.

அப்போதுதான் என் பழைய தப்பு ஒன்றை அவளிடம் சொன்னேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. புத்தகக் கட்டு ஒன்று வந்தது. மத்தியானச் சோற்றுக்கு முன்னால் எல்லாவற்றுக்கும் எண் போட்டு முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். தலைப்பை மட்டும் பார்த்துப் பென்சிலால் எழுதிக்கொண்டே போனேன். அதில் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ இருந்தது. 628.1 என்று போட்டுவிட்டேன். குடிநீர் வழங்கல். மெல்லிய புத்தகம், குடிநீர் வழங்கல் பற்றிய இரண்டு தடித்த ஆங்கிலப் புத்தகங்களுக்கு நடுவில் போய் ஒளிந்துகொண்டது. தமிழ்த்துறைக்காரர் ஒருவர் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனார். இரண்டு வருடம் கழித்துச் சரக்கு சரிபார்க்கும்போதுதான் அகப்பட்டது. நூலகத்தில் தவறான எண்ணில் இருக்கும் புத்தகம் திருட்டுப்போன புத்தகத்துக்குச் சமம். வெட்கமாக இருந்தது. எடுத்து 894.8113க்குக் கொண்டுபோனேன்.

“அந்த நாவலைப் பத்தி நீ என்ன எழுதியிருக்கே, படி.”

புரட்டிப் படித்தாள். சென்னையில் குழாயில் தண்ணீர் வராத ஒரு தெரு, குடத்தோடு அலையும் பெண்கள், நகரத்தில் பெண்ணின் பொழுது எவ்வளவு தண்ணீருக்கே போகிறது என்று ஒரு பக்கம் எழுதியிருந்தாள். கதையின் உத்தியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

“இதுக்கு என்ன நம்பர் போடுவே?”

சற்று யோசித்துவிட்டு, “628.1” என்றாள்.

அன்று நான் போட்ட தப்பான எண்தான் இன்று அவள் குறிப்புக்குச் சரியான எண். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். புத்தகத்தின் எண் வேறு, அதைப் பற்றி எழுதியதன் எண் வேறு. நூலகருக்கு ஒரு சங்கடம் உண்டு. புத்தகம் ஒரு பொருள், ஒரே நேரத்தில் ஒரே இடத்தில்தான் நிற்க முடியும். அதனால் பொதுவான வாசகர் எங்கே வந்து தேடுவார் என்று பார்த்து ஓரிடத்தில் வைக்கிறார். நமக்கு அந்தக் கட்டாயமே இல்லை. குறிப்பு எழுதும்போது நாம் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. அதிலிருந்து ஒரு கேள்வியைத்தான் கிள்ளிக்கொண்டு வருகிறோம். எண் அந்தக் கேள்விக்கு.

ஒரே புத்தகம் பல தெருவில் குடியிருக்கலாம் என்பதற்கு உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ நல்ல சாட்சி. 1940இலிருந்து ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942இல் அவர் காலமானபோது முடியாமலே நின்றுபோன நூல். நூலகத்தில் அது வாழ்க்கை வரலாறு. அவளோ அதைப் படித்துவிட்டு மூன்று தனித்தனிக் குறிப்பு எழுதியிருந்தாள். ஒன்று, ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தது பற்றி. அது 091, கையெழுத்துச் சுவடிகள். இன்னொன்று, 1887இல் சீவக சிந்தாமணியை அச்சுக்குக் கொண்டுவரப் பட்ட பாடு. அது 070.5, பதிப்புத் தொழில். மூன்றாவது குறிப்பைப் படித்துவிட்டு, “இதை இப்போதைக்கு ஓரமா வை, அப்புறம் பார்ப்போம்” என்று எடுத்து வைத்தேன்.

“சரி அத்தை, ஒரே குறிப்புல ரெண்டு விஷயம் இருந்தா?”

இரண்டாவது டீ வந்தது. அதோடு சீர்காழிக்காரரும் வந்தார்.

சீர்காழி எங்கள் ஊரிலிருந்து 20 கிலோமீட்டர்தான். அங்கே 1892இல் பிறந்தவர் எஸ். ஆர். ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்தார். வந்த சில நாளிலேயே வேலை கசந்துவிட்டது. பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் அலமாரிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்க முடியவில்லை, பழையபடி வகுப்புக்கே அனுப்புங்கள் என்று கேட்டார். இங்கிலாந்து போய் நூலகப் படிப்புப் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் பார்ப்போம் என்றார்கள். லண்டனில் பெர்விக் சேயர்ஸ் என்பவரிடம் நூற்பகுப்பு படித்தார்.

அங்கே செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடையில் ஒருநாள் மெக்கானோ விளையாட்டுப் பெட்டியைப் பார்த்தார். துளை போட்ட இரும்புப் பட்டைகள், சக்கரங்கள், திருகாணிகள். அதே துண்டுகளை மாற்றி மாற்றி முடுக்கி விற்பனையாளர் ஒவ்வொரு தடவையும் ஒரு புது பொம்மை செய்து காட்டினார். ரங்கநாதனுக்குப் பொறி தட்டியது. உலகத்தில் உள்ள எல்லா விஷயத்துக்கும் முன்கூட்டியே எண் எழுதி வைப்பானேன்? துண்டுகளுக்கு மட்டும் எண் கொடுப்போம், வேண்டியபடி சேர்த்து முடுக்கிக்கொள்ளலாம். துண்டுகளைச் சேர்க்கும் திருகாணியாக முக்காற்புள்ளியை, அதாவது கோலனை வைத்தார். 1933இல் வந்த கோலன் பகுப்பு அப்படிப் பிறந்தது.

டூயியிடம் தமிழ் இலக்கியத்துக்கு ஆறு இலக்கம், ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று மூன்றே இலக்கம். சமயத்திலும் அதே கதை. அந்தத் தெருவின் பெரும்பகுதி கிறிஸ்தவத்துக்குப் போய்விட, மிச்ச உலகமெல்லாம் 290 என்ற ஒரே சந்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது. அவரவர் ஊரிலிருந்து பார்த்தால் உலகம் அப்படித்தான் தெரியும். ரங்கநாதனிடம் இலக்கியம் O, தமிழ் 31. O31 என்றால் தமிழ் இலக்கியம், முடிந்தது. ஆசிரியரைக் குறிக்க அவர் செய்தது இன்னும் அழகு. பிறந்த ஆண்டையே எண்ணாக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு, அதாவது 1800களுக்கு M. பாரதி பிறந்தது 1882இல். ஆகவே தமிழ்க் கவிதையில் பாரதி O31,1M82. இந்த முறையில் அடுக்கினால் கவிஞர்கள் அகரவரிசையில் நிற்க மாட்டார்கள், மூத்தவர் முன்னும் இளையவர் பின்னுமாகக் காலவரிசையில் நிற்பார்கள். ஒரு தட்டைக் கண்ணால் துழாவினாலே இலக்கிய வரலாறு தெரியும்.

ஆனால் அவள் கேள்விக்கு வேண்டியது ரங்கநாதனின் ஐந்து முகங்கள். எந்த விஷயத்தையும் ஐந்து கேள்வியால் பிரிக்கலாம் என்றார். எதைப் பற்றி என்ற மையம், எந்தப் பொருள், என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம். நூலகர்கள் இதற்குப் பயிற்சி எடுப்பார்கள். வீட்டு உபயோகத்துக்கு அவ்வளவு வேண்டாம். அட்டையின் தலையில் ஐந்து சொல் எழுதினால் போதும். தண்ணீர் குறிப்புக்கு: பெண்கள், குடிநீர், காத்திருத்தல், சென்னை, 1970கள். இதில் அட்டை எந்தச் சொல்லின் கீழ் போக வேண்டும் என்பதை நம் கேள்வி தீர்மானிக்கும். மற்ற நான்கும் சும்மா கிடக்காது.

அவை அகராதிக்குப் போகும். டூயியின் எண்களை எல்லோரும் புகழ்வார்கள். என்னைக் கேட்டால் அவர் செய்த பெரிய உபகாரம் பின்னிணைப்பாகக் கொடுத்த பொருள் அகராதிதான். ஏனென்றால் பகுப்பு ஒன்றைச் சேர்க்கும்போது இன்னொன்றைப் பிரிக்கிறது. மறுபடியும் நெல்லைப் பார். வயலில் விளையும்போது 633.18. அரிசியாகிச் சமையலறைக்கு வந்தால் 641.6318. விலை, சந்தை என்று பேசினால் 338.17318. ஒரே நெல் மூன்று தெருவில். ஆனால் கடைசி மூன்று இலக்கத்தைக் கவனி. மூன்றிலும் 318. எந்தத் தெருவுக்குப் போனாலும் தன் அடையாளத்தோடுதான் போகிறது. அகராதியில் ‘நெல்’ என்ற சொல்லுக்கு எதிரே இந்த மூன்று எண்ணும் இருக்கும். பிரிந்த பிள்ளைகளைப் பொங்கலுக்கு ஒன்று சேர்க்கும் வீடு மாதிரி.

“அப்ப ஒரு நோட்டு மட்டும் வச்சுக்கலாமா?”

“வச்சுக்க. அதுல குறிப்பு எழுதாதே. அகரவரிசைல சொல்லும் எதிர்ல நம்பரும் மட்டும்.”

அப்புறம் கைப்பக்குவமாகச் சில எச்சரிக்கை சொன்னேன். மூன்று இலக்கத்தில் தொடங்கு. ஓர் எண்ணில் இருபது அட்டைக்கு மேல் சேர்ந்த பிறகு புள்ளி வைத்தால் போதும். நூறு குறிப்பு வைத்திருப்பவளுக்கு எட்டு இலக்க எண் எதற்கு? இடது மூலையில் எண்ணைப் பென்சிலால் எழுது, மனசு மாறும். நூலின் பெயர், பக்கம், எழுதிய தேதி மூன்றும் அட்டையின் அடியில் இருக்கட்டும். டூயியின் சமயத் தெரு உனக்குச் சரிப்படாவிட்டால் உன் வீட்டில் நீயே மாற்றிக்கொள், யாரும் தணிக்கைக்கு வரப் போவதில்லை. ஆனால் மாற்றியதை அகராதி நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வை, ஆறு மாதத்தில் நீயே மறந்துவிடுவாய். எண் போடுவதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகிறதென்றால் குறிப்பில் நீ என்ன சொல்ல வந்தாய் என்பது உனக்கே தெளிவாகவில்லை. எண்ணை விட்டுவிட்டுக் குறிப்பைத் திருத்து.

இந்த முறையையே வேண்டாம் என்றவர்களும் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் ஆயுள் முழுக்க ஏறத்தாழ 90,000 அட்டை எழுதினார். முன்கூட்டியே வகுத்த பாடப்பிரிவு பல வருடத்துக்கு ஆளைக் கட்டிப்போட்டுவிடும் என்பது அவர் எண்ணம். 1 என்று ஓர் அட்டை, அதிலிருந்து கிளைத்த யோசனைக்கு 1a, அதிலிருந்து கிளைத்ததற்கு 1a1 என்று அட்டை தானாகக் கிளைவிட்டு வளர விட்டார். எழுதுவதே முழுநேர வேலை என்றிருந்தவருக்கு அது பொருந்தும். வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்து, பஸ்ஸில் படிக்கிறவர்களுக்கு ஏற்கெனவே போட்ட ரோட்டில் நடப்பது சுலபம் என்பது என் கட்சி.

“ரோடு இருந்தா போதுமா? எங்கயோ போயிட்டு வர்றது மட்டும்தானா?” என்றாள். நல்ல கேள்வி.

கிரகணத்தில் நடுவே கருநிழல், அதைச் சுற்றி அரைநிழல், அதற்கும் வெளியே வெளிச்சம். ரங்கநாதன் ஒரு நல்ல புத்தக அடுக்கும் அப்படி இருக்க வேண்டும் என்றார். தேடி வந்த புத்தகம் நடுவில். அதன் இரு பக்கமும் நெருங்கிய உறவு. விலக விலக உறவு மங்கி, கடைசியில் அந்நியம். ஜெர்மனியில் ஆபி வார்பர்க் தன் நூலகத்தை அடுக்கும்போது நல்ல அயலார் என்று ஒரு விதி வைத்திருந்தார். நமக்கு உண்மையில் வேண்டிய புத்தகம் நாம் தேடிப்போனதாக இருக்காது, அதற்குப் பக்கத்தில் இருப்பதாக இருக்கும் என்பது அவர் அனுபவம். அட்டைக்கு எண் போடுவதும் அதற்குப் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்துக் கொடுக்கத்தான். தேடிக் கண்டுபிடிப்பது உபரி லாபம்.

பேசிக்கொண்டே அட்டைகளை எழுதினோம். பத்தாவதோ பதினொன்றாவதோ எழுதும்போது, இரண்டாவது நோட்டில் வத்தக்குழம்புப் பக்குவத்துக்கும் ஒரு போன் நம்பருக்கும் நடுவில் ரங்கண்ணா அகப்பட்டார். அவள் துள்ளிவிட்டாள். கும்பகோணத்தில் பாபு அவரிடம் பாட்டுக் கற்றுக்கொள்வது பற்றி அரைப் பக்கம். குரு சொல்லிக் கொடுப்பதை விட, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதில் சீடன் கற்பதே அதிகம் என்று எழுதியிருந்தாள்.

“இதுக்கு என்ன நம்பர்?”

“நீயே சொல்லு.”

“நாவல் இல்ல… பாட்டு. 780. பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறது…”

“780.7” என்று எடுத்துக் கொடுத்தேன். இசைக் கல்வி.

இப்போது ஓரமாக வைத்திருந்த மூன்றாவது குறிப்பை எடுத்துக் கொடுத்தேன். என் சரித்திரத்திலிருந்து எழுதியது. சங்கீத வித்துவான் மகனான உ.வே.சா. எங்கள் ஊரான இதே மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் பாட்டுக் கற்கப் போகிறார். அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்த மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குத் தெரிய வருகிறது. இசையில் மனம் போனால் இலக்கியத்தில் புத்தி நிற்காது என்கிறார் ஆசிரியர். மாணவர் பாட்டை நிறுத்திவிடுகிறார். அவள் அதன் அடியில் பென்சிலால் ‘பாவம்’ என்று ஒரே சொல் எழுதியிருந்தாள்.

அதற்கும் 780.7தான்.

இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று நாவல், ஒன்று நடந்த கதை. இரண்டையும் நான்கு வருட இடைவெளியில் படித்திருக்கிறாள். ஒருவன் குருவின் பக்கத்தில் போய் உட்கார்கிறான். இன்னொருவர் குருவின் சொல்லுக்காக எழுந்துபோகிறார். நோட்டில் இருந்தவரை இவர்கள் இரண்டு பேரும் சந்தித்திருக்க வழியே இல்லை.

கொஞ்ச நேரம் ஊஞ்சல் ஆடாமல் நின்றது. பிறகு பையிலிருந்து வெள்ளைத்தாள் எடுத்தாள்.

“அத்தை, இதை வச்சு ஒண்ணு எழுதலாம் போலிருக்கு. அதுக்கு என்ன நம்பர் போடறது?”

“எழுதி முடி. அப்புறம் சொல்றேன்” என்று டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.